பதினான்காவது வளைவு

பதினான்காவது கொண்டை ஊசியில்
இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

ஐஸ் வண்டியைக் கழுவி, பாய் விரித்து
காசிமேட்டிலிருந்து ஒன்பது பேர்.
எவ்வளவு தேய்த்தும் போகாத சங்கரா வாசம்.
லாட்ஜ்காரர் மூக்கைச் சுளித்து
அட்வான்ஸ் கூடுதலாய் வாங்கினார்.

பழைய சர்ச் முன்னால் கைடு
ஏதோ துரை, ஏதோ வருஷம்.
எனக்கு அவர் மீசை மட்டும் அசைந்தது.
ஏகவல்லி ஒரு ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள்.
தலையாட்டிவிட்டேன்.
தொள்ளாயிரம்.

மூக்கைப் பிடித்து ஊது என்று
தேசிங்கு ஜாடை காட்டினான். ஊதினேன்.
பனிதான் வந்தது வாயிலிருந்து.

ராத்திரி முழுக்க இறங்கி ஓட்டி
விடியலில் கொருக்குப்பேட்டை கேட்.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
நாற்பதாவது பெட்டியோ என்னவோ,
டப்பென்று திறந்தது.

சக்கரம், கன்டெய்னர் ஹாரன்,
பால்காரன் திட்டு, எல்லாம் மொத்தமாய் உள்ளே.
கூடவே பின்னாலிருந்து ஏகவல்லி:
"அந்த மணி நம்ம ஹார்பர்ல வந்து எறங்குனதாம்.
மாட்டு வண்டில ஒரு மாசம் ஏத்துனாங்களாம்."

யார் சொன்னது?

"பக்கத்துலதான நின்ன,
பெரிசா தலைய ஆட்டிக்கினு."

கேட் தூக்கியாயிற்று.
பின்னால் எல்லாரும் அடிக்கிறார்கள் ஹாரன்.
கியர் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்:
அந்த வளைவில்
மாடுகளுக்கும் அடைத்திருக்குமா?