இரண்டாவது திருகாணி

படகைக் கட்டைகளில் ஏற்றி
உள்ளே தண்ணீர் நிரப்பினாள் எதுவீனா.
நுழைந்த வழியைக் காட்டாத தண்ணீர்
வெளியேறும் வழியையாவது காட்டட்டும்.

சிலோவே தீவில் அதிசயமாக அன்று மழையில்லை.
காய்ந்த அடிப்பாகம் எங்கே வியர்க்கும் என்று
அதன்கீழ் மல்லாந்து கிடந்தாள்.

இரவல் கொண்டுபோன ஓதிலோன்தான்
பாறையில் மோதியிருப்பான் என்று
குளிர்காலம் முழுக்க அவனோடு பேச்சில்லை.

துளி வந்தது.
கீறல் இருந்த பக்கமல்ல.
பின்னால், மீன்காட்டும் கருவிக்கு
அவளே துளைபோட்டு முடுக்கிய
இரண்டாவது திருகாணியோரம்.

சாக்பீஸால் வட்டம் போட்டாள்.
துளி அதையும் அழித்தது.

வடித்து, உலர்த்தி,
துளையைத் தேய்த்து இன்னும் பெரிதாக்கி,
முழங்கைவரை கண்ணாடித்தூள் அரிக்க
இழைப்பாய் ஒட்டினாள்.

ஓதிலோனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று
யோசித்து முடிப்பதற்குள்
டப்பாவில் மிச்சப் பிசின்
சூடேறி, பிரஷ்ஷோடு இறுகிவிட்டது.