அரை மணித்தியாலம்

விசுவமடுச் சந்தியில் கைபேசி திருத்துகிறேன்.
மணிக்கூடு என் வேலையல்ல.
காணி தம்பிக்கு, மோட்டார்சைக்கிள் அத்தானுக்கு,
எனக்கு இது:
பால்மா டின்னுக்குள் நின்றுபோன ஒன்று.

இரண்டரை வருடம் மண்ணுக்குள் கிடந்தது.
தோண்டி எடுத்தபோது
காணிப் பெர்மிற் நனையவில்லை,
அம்மாவின் தோடு நனையவில்லை.
இதற்குள்தான் தண்ணீர் போயிருந்தது.
முகத்தில் ஏழுமணிக்கும் ஒன்பதுக்கும் இடையே
தேயிலைச் சாயம் போல ஒரு கறை.

கம்பனிப் பெயரில் கடைசி மூன்று எழுத்துத்தான் மிச்சம்.
"வெள்ளைக்காரத் துரை தந்தது,
சுதந்திரத்துக்கு முந்தி, என்ர ஐயாவுக்கு."
அப்பா எல்லாரிடமும் சொன்ன கதை.

நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன்.
ஆறுமணிக் கோட்டின் இரு பக்கமும்
ஒவ்வொரு குட்டி 'ரீ'.
இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு இட்ட குறி,
அறுபதுகளில் வந்த வழக்கம்.
அதற்குள் துரைமார் கப்பலேறி
எத்தனை வருடம்!

புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.
"எந்தத் துரை?
எழுபத்தி மூண்டில மிளகாய் வித்த காசில
நான் வாங்கிக் குடுத்தனான்.
பெண்சாதி வாங்கித் தந்தது எண்டு சொல்ல
அவருக்கு வெக்கம்.
அதுதான் துரை."

பின்மூடி ஒரு பகல் முழுக்க அசையவில்லை.
திறந்தால்
முன்பு திருத்தியவர்கள் ஊசியால் கீறிய கணக்கு:
கு 3/79.
ஒரு சிங்கள எழுத்து, 6/83.
பெயரில்லாமல் 1/91.
பிறகு 5/02, பாதை திறந்த வருடம்.
சிங்கள எழுத்தைப் பற்றி அம்மாவுக்கும் தெரியாது.
அடுத்த மாதம் அவர்
அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்.

கைபேசிப் பலகை கழுவும் ஸ்பிரிட்டில்
ஒவ்வொன்றாகக் கழுவினேன்.
சாவி கொடுக்கும் சக்கரம் நன்றாக இருந்தது.
நேரம் திருப்பும் குட்டிச் சக்கரம்தான்
பல்லெல்லாம் தேய்ந்து மொட்டை.
ஒரு மனிதன்
இவ்வளவு தரம் நேரம் மாற்றுவானா?

மாற்றினார்.
தொண்ணூற்றாறில் கொழும்பு
நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. வன்னி தள்ளவில்லை.
பத்து வருடம் எங்களிடம் பழைய நேரம்,
அங்கால் புது நேரம்.
மல்லாவி ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் அவருடையது.
பிரமனாலங்குளத்தில், பிறகு ஓமந்தையில்,
வண்டி நிற்க,
கட்டைவிரல் நகத்தால் திருகை இழுத்து
அரை மணித்தியாலம் முன்னுக்கு.
வெறும் வண்டியோடு திரும்புகையில்
அரை மணித்தியாலம் பின்னுக்கு.

ஒருநாள் சூனியப் பிரதேசத்தில்,
இரண்டு காவலரணுக்கும் நடுவில்,
பிள்ளை பிறந்தது.
சாதகத்துக்கு நேரம் கேட்டாள் தாய்.
இரண்டையும் எழுதிக் கொடுத்தாராம்.
எந்த லக்கினம் பலித்ததோ.

தராசுச் சக்கரத்தின் கீழே ஒளிந்திருந்த இலக்கத்தை வைத்து
புறக்கோட்டையில் செத்த மணிக்கூடொன்று பிடித்தேன்.
பஸ்ஸில் பார்சலாக வந்தது.
அதன் பல் இதற்குப் பொருந்தியது.
பழையது இப்போது
சிம் தட்டுகள் போட்டுவைக்கும் டப்பாவில்.

முகத்துக்குப் புதுப்பூச்சுப் பூசலாம் என்றார்கள்.
பூசினால் இரண்டு 'ரீ'யும் போய்விடும்.
அம்மாவின் சாட்சி அவை.
கறையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓடுகிறது.
நாளுக்கு நாலு நிமிடம் முந்துகிறது.
நெம்பை ஒரு மயிரளவு தள்ளினால் சரியாகும்,
தெரியும். இன்னும் தள்ளவில்லை.

எட்டாம் நாள் அம்மா
அதை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள்.
சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறாள்.
"உது புது நேரத்தில கிடக்கு" என்று
நகத்தால் திருகை இழுக்கிறாள்.

பல்லுக் கவனம் அம்மா, என்கிறேன்.