பதினேழாவது புள்ளி

நாற்பது புள்ளிகளைக் கணினியே எறிந்தது
மாவட்டத்தின் மேல், கண்ணை மூடிக்கொண்டு.
ஒன்று குலசேகரத்தில்,
ரப்பர் பால் சொட்டும் சிரட்டைக்குப் பக்கத்தில்.
ஒன்று மணக்குடிப் பொழிமுகத்தில்.
ஒன்று யாரோ ஒருத்தர் வீட்டு அடுக்களையில்;
சாளை பொரித்துக்கொண்டிருந்த அக்கா
என் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து
"கரண்டு கணக்கா?" என்றாள்.
கட்டடம், சரி என்று குறித்துக்கொண்டேன்.
ஒரு துண்டு மீனும் தின்றேன்.

நான் படிப்பது இதுதான்.
வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு
ஆறு மாதம் நிறம் பூசுவது,
பூசியது சரிதானா என்று
ஒரு மாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பது.
கேட்பவர்களிடம் அம்மா சொல்வது:
"மேப்பு படிக்கா. சர்வேயர் வேலை கிடைக்கும்."

பதினேழாவது புள்ளி
ஆலடிவிளைக்குக் கிழக்கே.
என் படத்தில் அது பச்சை.
குறியீடு மூன்று: பயிர் நிலம்.
வாழைத்தோப்பைக் கடந்து
பிழை நான்கு மீட்டர் என்று கருவி சொன்ன இடத்தில்
செருப்பு நனைந்தது.

இலை. இலைக்கு மேல் இலை.
நடுவில் ஒரு லாரி டியூப்,
டியூபுக்குள் இடுப்பளவு ஓர் ஆள்,
கக்கத்தில் தாமரை மொட்டுகள்.

"இது குளமாக்கும்" என்றான், நான் கேட்கும் முன்பே.
பெயர் றசல். என் வயசுதான் இருக்கும்.
ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன்.
"ரோட்டுல நிண்ணு பாத்தா எல்லாரும்
வயலுண்ணுதான் சொல்லுவாவ.
பங்குனி வரைக்கும் வெள்ளம் கிடக்கும்."
வெள்ளம் என்றே எழுதிக்கொண்டேன்.

போன வாரமும் ஒருத்தர் வந்தாராம்,
காரில், சுருட்டிய படத்தோடு.
அதிலும் இந்த இடம் பச்சைதானாம்.
"மேப்புல குளமே இல்லியே தம்பி" என்று சிரித்துவிட்டு
கரையைக் காலால் எட்டு வைத்து அளந்தாராம்.
முப்பத்தாறு மனை.

ஆய்வகத்தில் ஏ.சி. இருபத்திரண்டு.
நாற்பதில் முப்பத்திநாலு சரி என்றால்
எண்பத்தைந்து சதவீதம்;
அதற்குக் கீழே உள்ள படத்தை
எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
முப்பத்திமூன்று என்றால் எண்பத்திரண்டரை.
அஜின் சொன்னான்:
"தாமரையும் செடிதானே,
மூணுண்ணே போடு மக்கா."
அகச்சிவப்பில் அவன் சொன்னது உண்மை.
அந்த வெளிச்சத்துக்கு இலை என்றால் இலை.
அடியில் ஆழம் எவ்வளவு என்று
கேட்டுப் பழக்கமில்லை.

வழிகாட்டி சேலத்துக்காரர்.
என் குறிப்பேட்டைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.
"வெள்ளமா? எந்த வருஷம்? பாதிப்பு எவ்வளவு?"
"தண்ணி சார். எங்க ஊர்ல அதுக்கு அதுதான் பேரு."
அடித்துவிட்டு, சிவப்பு மையில்
'நீர்' என்று எழுதினார்.

அதற்குமேல் நான் முடிவெடுக்க எதுவும் இருக்கவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.
ஆனால் அன்றிரவு விடுதியில்
மூன்றை அழித்து
ஒன்று என்று தட்டுவதற்கு
நாற்பது நிமிடம் ஆனது.

எண்பத்திரண்டரை.

மறுபடியும் முதலிலிருந்து.
மறுபடியும் மாதிரிகள், எல்லைகள், நிறங்கள்.
பட்டியலில் இல்லாத ஏழாவது வகை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்,
பெயர்: இலை மூடிய வெள்ளம்.
நிறம் இன்னும் முடிவாகவில்லை.
சார் இன்னும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது றசல் கேட்டான்,
"ஒங்க படத்துல என் டியூப் தெரியுமா?"
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம், என்றேன்.
அதற்குள் நீயும் இன்னும் ஐம்பது பேரும் மிதந்தாலும்
ஒரே நிறம்தான் விழும்.

"அப்ப நல்லது" என்றான்,
இன்னொரு தண்டைக் கிள்ளியபடி.
"குளத்த ஏலத்துல எடுத்தது
நான் இல்ல."