காற்றுவாக்கில்

மூன்று முறை, மூன்று நரம்பில்,
இடைவெளி விட்டு
ட்ரீக் வெர்ஹூவனின் இரத்தம் எடுத்தேன்.
குப்பிக்குள் கஞ்சி மாதிரி ஒரு திரவம்.
கிருமி இருந்தால் அதைத் தின்னும், பெருகும், மூச்சு விடும்.
அந்த மூச்சை மோப்பம் பிடித்து இயந்திரம் மணியடிக்கும்.

மணி அடிக்கவில்லை.
ஐந்தாம் நாளும் இல்லை.
பதினான்காம் நாள், கால்வாயில் ஐஸ் உடைந்து
வாத்துகள் இறங்கிய காலையிலும்
இல்லை.

அவருக்கோ பொழுது சாய்ந்தால் காய்ச்சல்.
நள்ளிரவில் பனியனைப் பிழிந்தால் சொட்டும்.
பெல்ட்டில் ஆணியடித்து இரண்டு புது ஓட்டை போட்டிருந்தார்.
கூரைக்கு ஓடு வேய்கிற ஆள்.
ஏணியில் நான்காம் படியிலேயே நின்று
வானம் பார்ப்பதுபோல் நடிப்பாராம்;
மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது என்று.
மனைவி நெல்லெக சொன்னாள்,
அவர் காதில் விழும்படியாகவே.

மூன்று மாதமாக ஆளுக்கொன்று சொன்னார்கள்.
ஃப்ளூ. அப்புறம் மூட்டுவாதம்.
கடைவாய்ப் பல் ஒன்றைச் சந்தேகித்துப் பிடுங்கினார்கள்.
பல் நிரபராதி.
நகத்தடியில் சிவப்பாக இரண்டு கோடு;
மரச்சிராய் என்றார் ட்ரீக்.
டிசம்பரிலிருந்து வேலைக்கே போகவில்லை என்பது
சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மகாதமனி வாசலில் மூன்று இதழ் இருக்க வேண்டும்.
இவருக்குப் பிறவியிலேயே இரண்டு.
இரண்டிதழ்க் கதவு நேராகத் திறக்காது, முழுசாகச் சாத்தாது.
ஐம்பத்தாறு வருடம் இரத்தம் உரசி உரசி
உள்சவ்வின் வழவழப்புப் போயிருந்தது.
நான் விளக்கத் தொடங்குமுன் அவரே சொன்னார்:
"புது ஓட்டில் பாசி ஏறாது, சிஸ்டர்.
மேல்பூச்சு போன ஓட்டில்தான்."

தொண்டை வழியே குழாய் விட்டு
முதுகுப் பக்கமிருந்து இதயத்தை எட்டிப் பார்த்தோம்.
திரையில், இதழின் விளிம்பில்,
பருக்கையளவு ஒரு நடுக்கம்.
இருக்கிறது என்றார் ஒரு டாக்டர்.
இல்லை, பழைய தடிப்பு என்றார் இன்னொருவர்.
ஃபெம்கெ, எங்கள் மூன்றாவது டாக்டர்,
இரண்டு பேரையும் விட்டுவிட்டு நோயாளியைக் கேட்டார்:
வீட்டில் வளர்ப்பு மிருகம்?
பூனைகூடக் கிடையாது.

நான்காம் முறை ஊசி போடும்போது
பேச்சுக்காகக் கேட்டேன்,
கடைசியாக வேய்ந்த கூரை எது என்று.
பிரபாண்டில், போன வசந்தத்தில், ஆறு வாரம்.
முகம் மலர்ந்தது. நல்ல கூரை.
மேலிருந்து என்ன தெரியும்?
பாப்ளார் மரங்கள். சோளக் கொல்லை.
அப்புறம் ஆட்டுப்பண்ணை, மூவாயிரம் உருப்படி.
குட்டி போடுகிற காலம்,
பாதிக்கு மேல் கலைந்துபோனதாகக்
காற்றுவாக்கில் கேள்விப்பட்டாராம்.

என் கை நின்றது.
செய்தி வந்த வழியிலேயே
மற்றதும் வந்திருக்கிறது.
காய்ந்த வைக்கோல், காய்ந்த நஞ்சுக்கொடி,
புழுதி, கிழக்குக் காற்று,
கூரை உச்சியில் வாய் திறந்து விசிலடிக்கும் ஒரு மனிதர்.

அது கஞ்சியில் வளராத கிருமி.
உயிரணுவுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும்.
திருடன் அகப்படாவிட்டால் நாயைத்தான் கேட்க வேண்டும்:
யாரைப் பார்த்துக் குரைத்தாய்?
எதிர்ப்புப் பொருளை அளந்தார்கள்.
நாலாயிரம் மடங்கு நீர் கலந்தும்
அந்தக் குரைப்பு அடங்கவில்லை.

கியூ காய்ச்சல்.
காரணம் தெரியாத காலத்தில்
கேள்வி என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்தார்களாம்.
விடை கிடைத்த பிறகும் பெயரை மாற்றவில்லை.

பதினெட்டு மாதம், குறைந்தது, இரண்டு மாத்திரை.
ஒன்றுக்கு வெயில் ஆகாது.
ஓடு வேய்கிறவருக்கு இதைச் சொல்ல
எங்களில் யாரும் முன்வரவில்லை.
பிரசுரத்தை அவரே படித்துச் சிரித்தார்,
சிரிப்பு இருமலானது.

ஜூன் மாதம் வந்தார். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி,
பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்ந்திருந்தது.
பண்ணைக்காரர் மனைவி வட்டமாக ஒரு பாலாடைக்கட்டி
கொடுத்துவிட்டுப் போனாளாம், வாசலோடு.
வெட்டவும் இல்லை, எறியவும் இல்லை என்றாள் நெல்லெக.
ஃப்ரிட்ஜில் இருக்கிறது.