பயன்பாட்டுச் சான்றிதழ்

கத்திரி தொடங்கிய ஐந்தாம் நாள்
தரமணியில் எங்கள் கோடைப் பள்ளியும் தொடங்கியது.
பொருள்: நிலத்தடி நீர்.
முனைவர் பட்ட மாணவர்கள் நாற்பத்தொரு பேர்.
பேனரில் ஒருங்கிணைப்பாளர் என்று பேராசிரியர் பெயர்.
நான்
அந்தப் பேனரைக் கட்டிய கயிற்றில் இருந்தேன்.

ஜனவரியிலிருந்தே இருந்தேன்.
சில்சாரிலிருந்து வரும் தேபஸ்மிதாவின்
காத்திருப்புப் பட்டியல் பதினேழிலேயே நின்ற டிக்கெட்டில்,
சைவமா அசைவமா என்று கேட்ட கட்டத்தில்
'எதுவானாலும் சரி, காலையில் சோறு கிடைக்குமா?'
என்று ஒருவன் நிரப்பிய பதிலில்,
மூன்று கொட்டேஷன் இல்லாமல்
பேனாகூட வாங்க விடாத கணக்குப் பிரிவு ஜெயசுதா மேடத்தின்
கண்ணாடிக்கு மேலே தெரிந்த பார்வையில்.

முதல் நாள் மாலையே விடுதியில் தண்ணீர் நின்றது.
"போர் காத்து வாங்குது மேடம்" என்றார் வார்டன் மாசிலாமணி.
நிலத்தடி நீர் படிக்க வந்தவர்கள்
மூன்றாம் மாடியில்
சோப்பு நுரையோடு நின்றார்கள்.
சிரித்துவிட்டேன். பிறகு
லாரிக்காரருக்குப் பதினொரு முறை போன் செய்தேன்.
"ஓஎம்ஆர் ஃபுல்லா கம்பெனிக்காரங்க புக் பண்ணிட்டாங்கக்கா.
ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ஓகேவா?"

வந்தது.
பன்னிரண்டாயிரம் லிட்டர், பின்பக்கம் ஒழுகல்.
ஒழுகலுக்குக் கீழே வாயைத் திறந்தபடி ஒரு நாய்.
ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை.

நான்காம் நாள் களப்பயிற்சிக்குப்
பாலாற்றுப் பக்கம் போக வேண்டும். பேருந்து பழுது.
நான் தொண்டை காயக் கத்திக்கொண்டிருந்தபோது
தேபஸ்மிதா கேட்டாள்,
"விடுதி போர்வெல் இங்கேதானே இருக்கிறது?"

மதியம் பம்பை ஓடவிட்டார்கள்.
சுற்றுச்சுவருக்குப் பின்னால்
மாவுக்கடை சகாயமேரியின் உறைகிணற்றில்
நாடாவை இறக்கினார்கள்.
நீரைத் தொட்டால் அது 'பீப்' என்று கத்தும்.
நிமிடத்துக்கு ஒரு பீப், பிறகு ஐந்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு.
"என்னப்பா, ரத்தம் எடுக்குற மாதிரி எடுக்குறீங்க"
என்றார் சகாயமேரி, கை முழுக்க உளுந்தோடு.

நான்கு மணி நேரம்.
இங்கே நாங்கள் இறைத்ததில்
அங்கே இறங்கியது முப்பத்தாறு சென்டிமீட்டர்.

யாரும் பேசவில்லை.
வரைதாளில் புள்ளிகள் மட்டும்
படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தன.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"அப்ப ராத்திரில நிறுத்தி வையுங்க.
நாலு மணிக்கு நான் அரிசி கழுவணும்" என்றார்,
பஸ் நேரம் சொல்வதுபோல.

அன்றிரவு நிகழ்ச்சி நிரலைத் திருத்தினேன்.
அமர்வு ஒன்றுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்:
பத்திலிருந்து ஐந்து வரை மோட்டார் ஓடாது,
ஆளுக்கு ஒரு வாளி.
டெல்லியிலிருந்து வந்த சிறப்புப் பேச்சாளர் மட்டும்
இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர் என்று
என் அழைப்புக் கடிதத்திலேயே இருப்பதைக் காட்டினார்.
இருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்.

மூன்று வாரம் முடிந்தது. பேனரை அவிழ்த்தோம்.
பெயர் அட்டைகளைத் திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சி
இருபத்தாறு தேறியது.
ஏழு லாரி ரசீதுகளை எந்தத் தலைப்பில் போடுவது என்று
ஜெயசுதா மேடம் முன் நின்றேன்.
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு தன் கையாலேயே எழுதினார்:
'பயிற்சிப் பொருட்கள்.'

இப்போது சான்றிதழ் என் மேசையில்.
வழங்கப்பட்ட நோக்கத்துக்காகவே
தொகை முழுவதும் செலவிடப்பட்டது.
செலவாகாத மீதி: இல்லை.

பம்பை நிறுத்திய பிறகு
அந்தக் கிணறு விடியும்வரை ஏறியது,
முப்பத்தொரு சென்டிமீட்டர்.
மிச்சம் ஐந்து.
அதற்கு இந்தப் படிவத்தில்
கட்டம் இல்லை.