அது போகிற பக்கம்

முன்னால் போன லாரி
லேசாக வளைந்து மறுபடி நேரானது.
அந்த வளைவில்தான் தெரிந்தது
நடுக்கோட்டின் மேல் ஒரு கருங்கல்.
கல்லுக்கு வால் இருந்தது.

நிற்காமல் போயிருப்பேன்.
பாரி சவுண்ட் மருத்துவமனையில் இரவு முழுக்க
யார் யாருடைய மூச்சையோ திரையில் எண்ணிவிட்டு
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கண்கள்.
கால்தான் என்னைக் கேட்காமல்
பிரேக்கை மிதித்தது.

ஜூன் மாதச் சனிக்கிழமை.
டொரோண்டோவே வீட்டைப் பூட்டிக்கொண்டு
ஏரிகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.
ஒவ்வொரு கார் முதுகிலும்
கவிழ்த்துக் கட்டிய படகு.
ஓடு சுமந்த அத்தனை பேரும்
ஓடு சுமந்த ஒன்றை
உரசிக்கொண்டு போனார்கள்.

கடியாமை.
ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் பாக்கியம்
இந்த இனத்துக்கு இல்லை.
அடங்க முடியாததால் கடிக்கத் தெரியும்.
பாசி காய்ந்த முதுகு, ரம்பம் போல் வால்,
சேறும் பழைய மீனும் கலந்த வாடை.
குனிந்தேன்.
கழுத்து முடிந்தது என்று நினைத்த இடத்துக்கு அப்பால்
இன்னும் ஒரு சாண் கழுத்து இருந்தது.
என் கைக்கு விரற்கடை முன்னால்
காற்றைக் கடித்து மூடியது வாய்,
இரும்புப் பெட்டி பூட்டிய மாதிரி.

எதிரே வந்த ஜல்லி லாரி
குறுக்கே திரும்பி நின்றது.
இறங்கியவர் சட்டைப்பையில் தைத்திருந்த பெயர் தௌனோ.
ஒன்றும் பேசவில்லை.
பாதி தின்ற சாண்ட்விச்சைக்
கொடி மாதிரித் தூக்கிப் பிடித்து
இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்.

முதலில் ஹாரன் அடித்தவள்தான்
முதலில் இறங்கியும் வந்தாள்.
"பத்தரைக்குக் கல்யாணம். என் தங்கைக்கு."
பச்சைப் பட்டுக் கவுன், வெறுங்கால்.
எனக்கு ஒரு பார்வை, ஆமைக்கு ஒரு பார்வை.
திரும்பிப் போய்த் தன் காரின்
ரப்பர் பாயை உருவி வந்தாள்.
"வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க, முதுகெலும்பு போயிடும்."
சொல்லிக்கொண்டே கவுனைச் சுருட்டிச் செருகினாள்.

பாயில் ஏற்றி
ஓடை மின்னிய பக்கம் இழுத்துப் போனோம்.
தண்ணீர், நாணல், நிழல்.
எனக்குப் பிடித்த இடத்தில் விட்டேன்.

அது ஒரு நிமிடம் யோசித்தது,
அல்லது மூச்சு வாங்கியது.
பிறகு அவசரமே இல்லாமல் திரும்பி
மறுபடி சாலையில் கால் வைத்தது.

தௌனோ சிரித்த சிரிப்பில்
சாண்ட்விச்சிலிருந்து ஒரு தக்காளித் துண்டு விழுந்தது.

வழி கேட்காத ஒன்றுக்கு
வழி காட்டியிருக்கிறேன்.
மூக்கு எந்தப் பக்கம் என்று
பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

மறுபடி பாய். மறுபடி இழுப்பு.
இம்முறை அது போகிற பக்கம்.
அங்கே என்ன இருந்தது?
ஒன்றுமில்லை.
தார் முடிகிற இடத்தில் வெயில் காயும் சரளை.
காடுகூட இருபதடி தள்ளித்தான்.
அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை.
பின்னங்கால்களால் தோண்டத் தொடங்கியது,
சக்கரங்களுக்கு இரண்டு முழம் தள்ளி,
எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டி.

சாலையிலிருந்து தப்பிக்க வந்தவள் இல்லை.
சாலையைத் தேடித்தான் வந்திருக்கிறாள்.

ஜல்லி லாரி நேராகிப் போனது.
கல்யாணக்காரி சேற்றுக் கையோடே
ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.
நான் அபாய விளக்கை அணைக்காமல்
காருக்குள் உட்கார்ந்து எண்ணினேன்:
பிங்பாங் பந்துகள் போல ஒவ்வொன்றாக,
முப்பத்தாறு வரை.
பிறகு தூங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனபோது
குழி திறந்து கிடந்தது.
ரக்கூன்தான்.
சுருண்டு காய்ந்த வெள்ளைத் தோல்கள்.
அவற்றையும் எண்ணினேன், தொழில் புத்தி.
இருபத்தொன்பதோ முப்பதோ.
கணக்கு இடித்தது.
இடித்தபடியே இருக்கட்டும் என்று
குழியைக் காலால் மூடிவிட்டு வந்தேன்.

ரப்பர் பாய் இன்னும் என் காரில்தான்.
நாலு நகக்கீறல்,
கழுவியும் போகாத வாடை.
பத்தரைக்குள் போய்ச் சேர்ந்தாளா,
தெரியாது.