பக்கம் 112

நூற்றெண்பத்து நான்கு பக்கம் எங்கள் ஸ்டைல் கையேடு.
குவைத், ஷர்க், பதினேழாம் மாடி;
கண்ணாடிக்கு அப்பால் புழுதி, இப்பால் குளிர்.
பொத்தானின் மூலை நான்கு புள்ளி வளையும்.
பச்சை என்றால் ஒரே பச்சை, அதற்கு ஆறிலக்க எண்.
‘சமர்ப்பி’ ஆகாது, ‘அனுப்பு’ என்று எழுது.
பொத்தானிலும் தலைப்பிலும் முற்றுப்புள்ளி கூடாது, பக்கம் ஒன்பது.

வலீதுக்கு அத்தனையும் மனப்பாடம்.
என் திரைகளைத் திருப்பி அனுப்புவான்,
‘ஜெசிந்தா, இரண்டு பிக்சல்’ என்று மட்டும்.
இரண்டு பிக்சலில் எந்தக் கப்பல் கவிழ்ந்தது
என்று தமிழில் திட்டுவேன்.
சிரிப்பான். திட்டு மட்டும்
எல்லா மொழியிலும் ஒரே வடிவம்.

வெள்ளிக்கிழமை ஃபர்வானியா.
பணம் அனுப்பும் எந்திரத்தின் முன் வரிசை.
எனக்கு முன்னால் ஒருவர்,
சலவைச் சட்டை, நகத்தில் மட்டும் பெயின்ட்.
எந்த மொழியிலும் அவர் திரையை வாசிக்கவில்லை.
விரல் தானாகப் போனது:
மேலே, நடுவில், கீழே வலப்பக்கம்,
இருட்டில் தன் வீட்டு சுவிட்சைப் போடுகிறவர் போல.

அவருக்கு முன் நின்றவர்
மொழியை அரபியாக்கிவிட்டுப் போயிருந்தார்.
பக்கம் 112: அரபியில் திரை முழுவதும்
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்ப வேண்டும்.
திரும்பியிருந்தது, ஒரு பிழையில்லாமல்.
நான் செய்த திரை அது.
‘அனுப்பு’ இடப்பக்கம் போயிருந்தது.
விரல் வலப்பக்கம் போனது.
ரத்து.
மறுபடி மேலே, நடுவில், வலப்பக்கம்.
ரத்து.
பின்னால் யாரோ இந்தியில் முணுமுணுத்தார்கள்.
‘அண்ணே, பச்சையை அமுக்குங்க.’
‘பச்சை இந்தப் பக்கம்தானம்மா இருக்கும்’ என்றார்,
இடப்பக்கத்துப் பச்சையைப் பார்த்துக்கொண்டே.

ரசீது வந்தது: வீரபாகு வீரபாகு.
குடும்பப் பெயர் கட்டாயம், பக்கம் 77.
இல்லாதவர் தன் பெயரையே
இன்னொரு முறை தந்துவிட்டுப் போகிறார்.
நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
என் முறை வந்தது.
எதற்கு வந்தேன் என்பது மறந்திருந்தது.

ஞாயிறு காலை புதுப் பக்கம் ஒன்று எழுதினேன், 185:
‘ஒருவர் போனதும் அவர் மொழியும் போக வேண்டும்.
அடுத்தவர் அட்டையைச் செருகியதும்
அவர் விரலுக்குப் பழகிய திரையே விரிய வேண்டும்.’
பெயர் விவகாரம் வேறு பக்கம்,
அதற்குச் சட்டத்துறை ஆயிரம் கேள்வி கேட்கும்,
கேட்கட்டும்.

மாலையில் வலீதிடமிருந்து திரும்பி வந்தது.
‘ஏற்கிறேன்.
தலைப்பில் முற்றுப்புள்ளி இருக்கிறது. பக்கம் ஒன்பது.’

எடுத்துவிட்டேன்